கண்ணைப் பார்த்து வாங்கிய நாய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், முழங்கால் ஏன் சௌக்கியமில்லை என்பதுதான் இந்தக் கடிதமே. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறென்ன செய்ய, இங்கிருந்து எட்டியா பார்க்க முடியும். உன் கடிதம் வந்தது. நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் அந்த ஹஸ்கி நாயைப் பற்றி. பனி மாதிரி ரோமமாம், ஓநாய் மாதிரி முகமாம், ஞாயிற்றுக்கிழமை நாய்க் காப்பகத்துக்குப் போய்க் கூட்டிவந்துவிடுவாயாம், அம்மா சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒன்று. நம் வீட்டிலும் நான்கு மாதமாக ஒரு நாய் இருக்கிறது. போனில் குரைப்புச் சத்தம் கேட்கிறதே என்று நீ கேட்டபோதெல்லாம் பக்கத்து வீட்டு நாய் என்று சொன்னேனே, பொய். பக்கத்து வீட்டில் மீன் தொட்டி மட்டும்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. இருபத்தாறு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் ஒரே பாட்டுத்தான், சுவரில் இருக்கிற படத்து ஆளைப் பார்த்து பிரேம் எடுக்காதீர்கள், உங்கள் மூக்கைப் பார்த்து எடுங்கள், நாள் பூராவும் என்ன வேலை, கிட்டத்தில் பார்க்கிற வேலையா தூரத்திலா, அதைச் சொல்லுங்கள், அப்புறம் லென்ஸைப் பற்றிப் பேசலாம் என்று. எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். நாய் விற்கிறவர் வீட்டில் அது என்னை நிமிர்ந்து பார்த்தது, ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். என் தொழிலில் அப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததே இல்லை. அது என்ன சாதி, எவ்வளவு ஓடும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நான் காதில் வாங்கவேயில்லை. பார்டர் கோலியாம். மலைச்சரிவில் முந்நூறு ஆட்டை மேய்க்கிற சாதியாம். நம் வீட்டில் இருப்பதோ நானும் உன் அப்பாவும், ஆக மொத்தம் இரண்டே ஆடு.

அந்த இரண்டு ஆடும் ஒரே அறையில் சேர்ந்தால்தான் அதற்கு நிம்மதி. அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தால் போச்சு, குதிகாலை மூக்கால் இடித்து இடித்தே கூடத்துக்குக் கொண்டுவந்துவிடும். கல்யாணமான இத்தனை வருடத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை, சண்டை போட விஷயம் தீர்ந்துபோய் வேறு வழியில்லாமல் சமாதானமாக இருக்கிறோம். மேஸ்திரி என்று அப்பாதான் பெயர் வைத்தார். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் அதை ஓட்ட வேண்டும், முழங்கால் கதை அதுதான். எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் போதும், உங்க வீட்டுக்காரரை இப்பதான் அது இந்தப் பக்கமா இழுத்துட்டுப் போச்சு என்று செய்தி வாசிக்கிறார். ஒரு நாள் கடைக்குக் கூட்டிப்போனேன். மூன்று பேரை நிலைக்கண்ணாடி முன்னால் மூலையில் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே விடவில்லை. இரண்டு பேர் பயத்திலேயே பிரேம் வாங்கினார்கள், மூன்றாமவர் பாவம், வழி கேட்க வந்தவர். இது ஏதோ வியாதி என்று நாய் டாக்டரிடம் போனால் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாய்க்கு ஒண்ணுமில்லம்மா, இதுக்கு நீங்க வேலை கொடுக்கலன்னா இது உங்களுக்கு வேலை கொடுக்கும் என்றார். இப்போது வாரம் மூன்று நாள் ஊருக்கு வெளியே ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிற ஒரு அம்மாவிடம் விடுகிறோம். பண்ணை வேனில் ஏறும்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் வந்து விழுந்து தூங்குகிற தூக்கத்தைப் பார்த்தால், நாங்கள் பட்ட பாட்டைவிட அதைப் படுத்திய பாடுதான் பெரிது என்று தெரிகிறது.

இனி உன் விஷயம். கடைக்கு வந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான்காவது மாடி, லிப்ட் பாதி நாள் படுத்திருக்கும், ஒரே அறை, காலை எட்டுக்குப் போனால் திரும்புவது எட்டுக்கு. போன வருடம் ஒரு கள்ளிச் செடி வாங்கினாய், பாலைவனத்திலேயே பிழைக்கிற ஜென்மம், உன்னிடம் இரண்டு மாதம் தாங்கவில்லை. ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது, நீ இல்லாத நேரமெல்லாம் அது எதை இழுக்கும், உன் மெத்தையைத்தான். ஊளை கேட்டு அக்கம்பக்கத்தார் வீட்டுச் சொந்தக்காரரிடம் போவார்கள், அவர் உன்னிடம் வருவார், நீ அதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாய். மெத்தை போனால் போகட்டும். நம்பி வந்த ஒரு ஜீவனைத் திருப்பி அனுப்பிவிட்டு அதற்கப்புறம் அந்த அறையில் நீ தனியாக எப்படி இருப்பாய் என்பதுதான் எனக்குப் பயம்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், உன் ஆபீஸ் மேலாளரின் ஜலதோஷத்துக்கும் மழைக்கும் நடுவில், ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதே காப்பகத்தில் காது மடிந்த ஒரு கலப்பு நாய், ஆறு வயதாம், உன் செருப்பின்மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது, அது எழுந்திருக்கிற வரை இருபது நிமிடம் நீ காலை அசைக்கவில்லை என்று. கடைக்கு வருகிறவர்கள் சுவரில் இருக்கிற பிரேமைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், கை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு மேஜை ஓரத்தில் கழற்றி வைத்த வேறொரு பிரேமைத் தடவிக்கொண்டே இருக்கும். நான் வாயைக் கேட்பதில்லை, கையைத்தான் பார்ப்பேன். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா பகலெல்லாம் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, பகலில் அங்கே விடலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. தூங்குகிற நாய்க்குத் தையல் மிஷின் காலடி போதும்.

சரி என்று சொல்லிவிட்டேன், எந்த நாய்க்கு என்று உனக்கே தெரியும். உனக்கும் உன்னை நம்பி வருகிறதற்கும் ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் இருவரின் ஆசி. மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அதே செருப்பைப் போட்டுக்கொண்டு போ.

இப்படிக்கு,
மேஸ்திரியின் இரண்டாவது ஆடு,
உன் அம்மா