மாப்பிள்ளையின் அம்மா பெயர் இல்லாத பத்திரிகை

என் அன்புக்குரிய கதிர் அப்பாவுக்கு,

கார்த்திகை விளக்கை வாசலில் ஏற்றிவைத்துவிட்டு, காற்றில் அணைகிறதா என்று ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். உங்களுக்கு இனி என்ன குறை? இங்கே நடக்கிற கூத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தீர்கள். புண்ணியவான்.

நம் கதிருக்குக் கல்யாணம். மெல்போர்னில். மார்கழி மாதம்.

மார்கழியேதான். நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். நம் ஊரில் மார்கழியில் வாடகை வீடு கூட மாற மாட்டார்கள். அங்கே அப்போதுதான் எல்லோருக்கும் லீவாம், அப்போதுதான் ஹால் கிடைத்ததாம். சாமிக்கு உகந்த மாதம்தானே அம்மா, அப்படியானால் நல்லதுதானே என்று எனக்கே பாடம் எடுக்கிறான். சாமிக்கு உகந்த மாதம் என்பதால்தானேடா மனுசன் தன் காரியத்தைத் தள்ளி வைத்தான் என்றேன். அவன் காதில் போனை வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் வேறு வேலை பார்ப்பான். தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

நீங்கள் போனபின் அவன் என்னை அங்கே கூட்டிப்போய்க் கொஞ்ச நாள் வைத்திருந்தான், அதையும் சொல்ல வேண்டும். அது ஒரு பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஒரே பானையில் சாம்பார் வைத்து, டப்பா டப்பாவாக ஊற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்கிவிடுகிறான். வியாழக்கிழமை சாப்பிடும்போது, அம்மா கைமணம் வருது இல்ல என்று என்னிடமே கேட்கிறான். பிள்ளையார் மைக்ரோவேவ் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் பேட்டரி விளக்கு. ஒரு வெள்ளிக்கிழமை பழக்கதோசத்தில் சாம்பிராணி போட்டுவிட்டேன். வீடே அலறியது. இவன் நாற்காலி மேல் ஏறி நின்று, கூரையில் இருந்த, புகை பட்டால் கத்துகிற ஏதோ வட்டத்துக்குத் துண்டால் விசிறினான். சாமி வந்தால் கூட அந்த வீட்டில் மணி அடித்துத்தான் துரத்துவார்கள்.

சனி ஞாயிறானால் சிநேகிதர்கள் வருவார்கள். வாய்க்கு வாய் "நம்ம கல்ச்சர்". அன்றைக்கு அமாவாசையா பௌர்ணமியா என்று அதில் ஒருத்தருக்கும் தெரியாது. அமாவாசையன்று ஆட்டுக்கறி வாட்டிக்கொண்டே கல்ச்சரைப் பற்றிப் பேசினார்கள். நான் விரதம் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

சரி, அது அவர்கள் பாடு. நான் எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு.

தீபாவளி முடிந்த வாரம் பத்திரிகை வந்தது. தபாலில் இல்லை, போனில். திறந்தால் யானை நடக்கிறது, பூ கொட்டுகிறது, வீணை வாசிக்கிறது. சிவகாசியில் பிறந்த பிள்ளைக்கு, அதுவும் ஆயுசு முழுக்கக் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தவர் பெற்ற பிள்ளைக்கு, ஒரு அட்டை அடிக்க மனசு வரவில்லை. காகிதம் வீணாம், மரம் வெட்டுகிறார்களாம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அம்மன் காலடியில் வைக்க வேண்டுமே, போனுக்கு எந்த மூலையில் தடவ?

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். யானை போனதும் எழுத்து வந்தது. பெண் வீட்டார் என்று அப்பா அம்மா இரண்டு பேர் பெயரும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும். முன்னால் தெய்வத்திரு இல்லை. உயிரோடு இருக்கிறவர் மாதிரி நீங்கள் எல்லோரையும் வாங்க வாங்க என்று அழைக்கிறீர்கள். என் பெயரைத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை.

இறந்தவர் இருக்கிறீர்கள், இருக்கிறவள் இல்லை. இப்படி ஒரு பத்திரிகையை நீங்கள் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒரு முறை யாரோ ஒரு வீட்டுத் தாத்தாவுக்குத் தெய்வத்திரு விட்டுப்போனதற்காக, ஓடுகிற மிசினை நிறுத்தி அத்தனை அட்டையையும் கழிவில் போடச் சொன்னவர் நீங்கள். முதலாளி சத்தம் போட்டார். "செத்தவர அழைக்க வச்சுட்டா, வர்றவன் யாருக்குய்யா கும்பிடு போடுவான்?" என்று திருப்பிக் கேட்டீர்களாம். அன்று கழிவில் விழுந்த அட்டைகளைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் அந்த அட்டைகளின் முன்பக்கத்தை வாசித்துத்தான் தமிழும், கொஞ்சம் இங்கிலீசும் பழகினேன். பின்பக்கம் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதினேன். இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறேன்.

கேட்டதற்குக் கதிர் சொன்ன பதில் இது. இறந்தவர் என்று போட்டால் நெகட்டிவ்வாக இருக்கும் என்று கல்யாண ஏற்பாடு செய்கிற பெண் சொன்னாளாம். அப்படியானால் என் பெயர் என்னடா என்றேன். டிசைனில் இடமில்லையாம். யானைக்கு இடமிருக்கிறது.

மறுநாளே உங்கள் தம்பி வந்தார். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மதினி, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீக. பாத பூசைக்கு நானும் எம்பொண்டாட்டியும் உக்காந்துக்கிறோம். மேடையிலயும் நாங்களே நின்னுக்கிறோம். கதிரே சொல்லிட்டான்."

"கோட்டு தச்சாச்சா?" என்றேன்.

"தச்சாச்சு மதினி. நீலக்கலரு. விருதுநகர்ல குடுத்தது."

முந்தின நாள் கதிர் சொல்லி, அதற்குள் கோட்டு தைத்து வந்துவிட்டது. நல்ல சுறுசுறுப்பான தையல்காரர். அப்புறம் காப்பியைக் குடித்துவிட்டு, தாலியையும் தன்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டார். நல்ல காரியத்துக்கு நல்ல கையாகக் கொண்டு போகட்டும் என்றார். அந்தத் தாலி நம் ஆசாரியிடம் நான் நாள் பார்த்துக் கொடுத்து, நம் வீட்டு அச்சில் செய்து வாங்கியது. அந்த அச்சு மெல்போர்னில் கிடைக்காது என்பதால்தான் பையனுக்கு ஊர் ஞாபகமே வந்தது. பூசை அலமாரியில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது, எனக்கு இன்று தீட்டு என்று சொல்லிவிட்டேன். என் வயசை அவர் கணக்குப் பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதிரைக் கூப்பிட்டேன். தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அதனால் பயந்திருக்கிறான் என்று தெரிந்தது.

"நீ முதல் வரிசையில உக்காரும்மா. உனக்குன்னு தனி சோபா போடச் சொல்லியிருக்கேன். நிவேதா வீட்டுல கொஞ்சம் சென்டிமென்ட் பாக்குறாங்க. நான் என்ன செய்ய?"

நிவேதா நம் மருமகள். கோயம்புத்தூர்க் குடும்பம், அங்கேயே போய் வேரூன்றியவர்கள். அன்று முழுக்க அந்தச் சம்பந்தியம்மாளை நான் மனசுக்குள் வறுத்து எடுத்தேன். மார்கழியில் தேதி வைக்கும்போது வராத சாஸ்திரம்! ஓமம் வளர்த்தால் ஹாலில் மணி அடிக்கும் என்று அகல்விளக்கைச் சுற்றி ஏழடி நடக்கப்போகிறார்கள், அப்போது வராத சாஸ்திரம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சரவெடிக்குப் பதில் ஏதோ சுடாத மத்தாப்பு மிசினாம், கையை விட்டாலும் சுடாதாம். இதை விஸ்வநத்தத்துப் பட்டாசுக்காரர்களிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எல்லாவற்றையும் கடலில் கரைத்துவிட்டு, தாலியறுத்தவள் மேடையேறக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பத்திரமாக விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்குச் செலவில்லை, லீவு வேண்டாம், ஹால்காரனும் தடுக்க மாட்டான். ஒரு கிழவியை உட்காரச் சொன்னால் போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் பிரசுக்குப் போனேன்.

நீங்கள் உட்காரும் இடத்தில் இப்போது ஒரு பெண் கம்ப்யூட்டரோடு இருக்கிறாள். உங்களைத் தெரிந்தவள்தான், எழுந்து நின்றாள். உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லையே, சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தெய்வத்திருவை அவளே முன்னால் சேர்த்தாள். பிறகு, அழைப்பவர் பெயர் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர்தானே அம்மா, வழக்கமாக அப்படித்தானே போடுவோம் என்று கேட்டாள்.

"பெத்தவ நான் இருக்கேன். நான்தான் அழைக்கேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப 'அழைக்கிறோம்'னு போடவாம்மா, 'அழைக்கிறேன்'னு போடவா?"

அழைக்கிறேன் என்றே போடச் சொன்னேன்.

கொஞ்சம்தான் அடித்தேன். மஞ்சள் தடவி முதல் அட்டையை இருக்கன்குடி அம்மனிடம் வைத்தேன். பூசாரி தேதியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மார்கழியிலயா?" என்றார். அங்கே வேறு மாசம் நடக்கிறதாம் சாமி என்றேன். அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மனிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது அட்டை உங்கள் படத்துக்குக் கீழே இருக்கிறது. மூன்றாவதைப் போட்டோ எடுத்து, நிவேதா உட்படச் சொந்தபந்தம் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். உங்கள் தம்பி பார்த்ததற்கு நீலக்குறி வந்தது. அவர் கோட்டின் நிறம்தான்.

அன்று சாயங்காலம் நிவேதா கூப்பிட்டாள். அவளாகத் தனியாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அத்தை, எனக்குத் தமிழ் மெதுவாத்தான் வாசிக்க வரும். உங்க கார்டை முழுசா வாசிச்சேன். அதுல உங்க பேரு இருக்கு. எங்களுதுல ஏன் இல்ல?"

உங்க வீட்டுச் சென்டிமென்ட்டைக் கேளும்மா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவளே சொன்னாள்.

"உங்களுக்குக் கூட்டம்னா ஆகாது, ஸ்டேஜ் வேண்டாம்னு நீங்களே சொன்னதா கதிர் சொன்னார். எங்கம்மா நம்பவே இல்ல. பெத்தவங்க இல்லாம எப்படின்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

பார்த்தீர்களா? அங்கே அவள் அம்மா எனக்காகக் கேட்டுக்கொண்டிருக்க, இங்கே நான் அவளை வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய். நடுவில் நம் பிள்ளை நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறான். அந்நிய மண்ணைத் திட்டினேன். களை நம் வீட்டு விதையில் இருந்திருக்கிறது.

அவளிடம் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குக் கூட்டம் ஆகும்மா, நல்லாவே ஆகும் என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. பாவம், எங்கே வந்து மாட்டியிருக்கிறது.

பிறகு கதிரைக் கூப்பிட்டேன். கேட்டேன். கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ, சரியாக் கேக்கலம்மா என்றான். எனக்கு நன்றாகவே கேட்டது.

"சித்தப்பாதாம்மா சொன்னாரு. ஊருல எல்லாரும் லைவ்ல பாப்பாங்க, ஒரு மாதிரி பேசுவாங்கன்னு."

"கடல் தாண்டிப் போன நீ ஊருக்குப் பயப்படுத. ஊருக்குள்ள கிடக்க நான் பயப்படல. எம்புட்டுப் படிச்சு என்னலே?"

கடைசியில் மெல்லக் கேட்டான். "தாலி... சித்தப்பா கொண்டு வாராரா?"

"எங்கையில இருக்கு. மேடையில எங்கையிலதான் இருக்கும். வேணும்னா வந்து கும்பிட்டு வாங்கிக்கோ. வேண்டாம்னா அங்கனயே மஞ்சக்கயிறு விப்பான், வாங்கிக் கட்டிக்கோ."

வைத்துவிட்டானோ என்று நினைத்தபோது சொன்னான்.

"இங்க அப்ப வெயில்காலம்மா. பாத பூசைக்கு உக்காரணும்ல, கனமில்லாத பட்டா எடுத்துட்டு வா."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. அது உங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆயுசு முழுக்க அடுத்தவன் பிழையைத் திருத்தினீர்கள், உங்கள் பிழைக்கு ஒரு நாள் வருத்தப்பட்டிருக்கிறீர்களா? கோபம் தீர்ந்தால் மல்லிகைப்பூ வாங்கி வந்து சன்னலில் வைத்துவிட்டுப் போவீர்கள். அவன் சேலைக்கு யோசனை சொல்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

கனமில்லாத பட்டெல்லாம் எடுக்கப் போவதில்லை. கதிர் கல்யாணத்துக்கு என்று நீங்கள் முன்கூட்டியே வாங்கி வைத்த அரக்குப் பட்டு பெட்டியில் இருக்கிறது. நீங்கள் போன அன்று, இனி இதை யார் உடுத்த, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. வெயிலானால் என்ன, சிவகாசிக்காரிக்கா வெயில் புதுசு?

நான் சொல்கிறதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பாத பூசைக்கு இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் நான் உட்காருவேன். மற்றது உங்களுடையது. அதில் உங்கள் படத்தைக்கூட வைக்க மாட்டேன், காலியாகவே இருக்கும். பிள்ளை என் காலைக் கழுவிவிட்டு அதற்கு முன்னாலும் தண்ணீர் விடுவான். நீலக் கோட்டு ஏதாவது அந்தப் பக்கம் உட்கார இடம் பார்த்து வந்தால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தாலியை என் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

வாசலில் விளக்கு இன்னும் நின்று எரிகிறது.

தங்கள் வருகைக்கு நாற்காலி போட்டு அழைக்கும்,
மாப்பிள்ளையின் அம்மா,
உங்கள் பெண்டாட்டி பாக்கியம்