இடப்பக்கம் மட்டும் திரும்புகிறவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில் தேதியும் இல்லை, நலமும் இல்லை. குதிரையை விற்றுவிடு என்ற ஒரு வரிக்கு எதற்கு ஒரு முழுத் தாள்?

நீ சொன்னபடியே விளம்பரம் கொடுத்தேன். அரபுப் பெண் குதிரை, ஐந்து வயது, சாது, சேணம் ஏற்றலாம், பழக்கம் பாதிதான். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எடுத்துவிடச் சொன்னார் லாடம் அடிப்பவர். முடியாது என்றேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்த உங்களுக்கு வியாபாரம் ஆகாது என்று சிரித்துக்கொண்டே போனார்.

பத்து நாளாகக் காலையில் மூடுபனி. குதிரையின் நிறமும் பனியின் நிறமும் ஒன்றாகிவிடுவதால், வேலியோரம் இரண்டு காதுகள் மட்டும் மிதந்து வரும். பிறகு சமையலறைக் கண்ணாடியில் அவள் மூச்சு படர்ந்து மங்கும். நான் அதைத் துடைப்பதில்லை. நம்புவாயா?

நேற்று ஒரு கண் டாக்டர் அம்மா வந்தார். நகம் சுத்தம், பேச்சு அளவு. ஏறி உட்கார்ந்தார். இடப்பக்கம் திரும்பக் கற்றுக்கொடுத்த கையோடு நீ போய்விட்டாய். வலப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. கடிவாளத்தை எப்படிப் பிடித்தாலும் இடமாகவே பெரிய வட்டம் சுற்றி, பனிக்குள் மறைந்து, என் முன்னால் வந்து நின்றாள். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் யாரோ வெகுதூரத்திலிருந்து வீடு திரும்புவது போல இருந்தது. வலப்பக்கத்துக்கு விடுமுறையா என்று டாக்டர் கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லைம்மா, நான் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனுஷி. குறை ஒன்றும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வண்டியோடு வருகிறார். உன் அப்பா அவளை உன் பெயரில் வாங்கியதால் நீதான் கையெழுத்துப் போட வேண்டும். தபாலில் அனுப்பிவிடலாம் என்று நினைப்பாய். வேண்டாம். வண்டியில் ஏற அவள் மிரளுவாள். நீ பக்கத்தில் நின்றால் ஏறுவாள்.

இன்னொன்று. நீ புறப்பட்ட அன்று நான் வாசலுக்கு வரவில்லை. குளித்துக்கொண்டிருந்ததாகப் பிறகு உனக்கு எழுதினேன். குளிக்கவில்லை. மாடியில் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், உன் கார் தெருமுனை தாண்டும் வரை.

வெள்ளிக்கிழமையே வந்துவிடு. உன் அறையில் படுக்கை விரித்துவிட்டேன். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.

வழியெல்லாம் கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்
அம்மா