பெரிய பெட்டியை வாங்கியதற்கான காரணம்

என் அன்புத் துணைவிக்கு,

1. இதை எழுதுபவன் உன் கணவன்; சட்டம் படித்தவன்; நலமாக இருப்பவன். நீயும் அப்பாவும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன்.

2. நான் வேலை பார்க்கும் இந்த ஊரில் மின்சாரம் போகும்போதெல்லாம் நம் வீடியோ அழைப்பு அறுந்துவிடுவதால், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும், தூக்கிச் செல்லக்கூடிய பவர் ஸ்டேஷன் பெட்டி ஒன்று வாங்கச் சென்றேன். கடைக்காரர் சிறியது, பெரியது என இரண்டைக் காட்டினார்.

"போனும் வைஃபையும்தானே சார்? கொஞ்ச நேரம் பேச சின்னதே போதும்."

"பேச மாட்டோம். அவ சமைப்பா, நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"அப்ப பெருசுதான் சார்."

3. பெரியதையே வாங்கினேன். ஆகவே ஒரு வேண்டுகோள்: இனி போனை அடுப்பருகே சாய்த்து வை. என்னிடம் பேச வேண்டிய கட்டாயமில்லை. நீ தாளிக்கும் சத்தம் கேட்டால் போதும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

(ஒப்பம்) உன் கணவன்

சாட்சிகள்: (1) மேற்படி கடைக்காரர்; (2) பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்து, "பொண்டாட்டி சமைக்கிறத பாக்க இவ்ளோ வெயிட்டா?" என்று கேட்ட அறைத்தோழர்.