இரண்டு பெயர்களையும் சேர்த்துக் கூப்பிட்டேன்

அன்பு மகளுக்கு,

இங்கே நான், அப்பா, என் இடது முழங்கால் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மிளகுக் குட்டியும், உன் வயிற்றில் ஏழு மாதமாக வாடகையில்லாமல் குடியிருப்பவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். கால் வீக்கம் வடிந்ததா, ஒருக்களித்துத்தான் படுக்கிறாயா, மிளகைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதை நிறுத்தினாயா, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும், எல்லாம் நல்லாருக்கும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பது இங்கே காதில் விழுகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்துவாய், நான் மீதியை முழுங்கிவிடுவேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார். அதனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. உட்கார்ந்து படி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா கூடத்து மின்விசிறியைக் கழற்றிச் சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டினார், மூன்று திருகாணி மிச்சம். கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருக்கான், நல்ல மனுஷன் என்கிறார். நாங்கள் இப்போது அந்த விசிறிக்குக் கீழே உட்காருவதில்லை, சுவரோரமாகவே நடமாடுகிறோம். உன் அண்ணன் வீடு மாற்றிவிட்டான், புது வீட்டில் சமையலறை பெரிது, சமைக்கத்தான் ஆள் இல்லை. நீங்கள் குழந்தைக்குப் பெயர் தேடுகிற சங்கதி அப்பாவுக்கும் தெரியும், ஆனால் என்ன பெயர் என்று தெரியாது. மிளகுக்குப் பொருத்தமாத்தானே வேணும், கடுகுன்னு வச்சிட்டுப் போங்களேன், எதுக்கு இத்தனை யோசனை என்று அவர் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் அது கடுகுதான். சிறுத்தாலும் காரம் குறையாதாம்.

மிளகின் பெயரும் வரப்போகிறதுக்கு நீ யோசித்திருக்கிற பெயரும் சேர்ந்தாற்போல் கேட்க நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாய். இதற்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. பதினெட்டு வருடமாகப் பல் டாக்டரின் கிளினிக்கில் மேசை போட்டு உட்கார்ந்து ஊரார் பெயரையெல்லாம் கூவிக்கொண்டிருக்கிறவள் நான். காகிதத்தில் அழகாக இருக்கிற பெயர் வாய்க்கு வந்ததும் நொண்டும், எழுதினால் சப்பென்று இருக்கிற பெயர் கூப்பிட்டால் கணீரென்று போய்ச் சேரும். கூடப்பிறந்ததுகளின் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் வேண்டும், ஒன்றையொன்று முழுங்கவும் கூடாது. எங்கள் கிளினிக்குக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் வருவார்கள், பெயர் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது. போன மாதம் நான் பெரியவனைக் கூப்பிட்டால் அவன் மீன் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, உன்னத்தான்டா கூப்பிடுறாங்க போ என்று சின்னவனை அனுப்பிவிட்டான். அந்த அப்பாவியும் நாற்காலியில் ஏறி வாயைத் திறந்து படுத்துவிட்டான். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்ளோ நல்ல பல்லை எதுக்கு எங்கிட்ட அனுப்புறீங்க என்று என்னைக் கேட்டார். அதற்காக ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் வைப்பதும் தப்பு. உன் அண்ணனுக்கு உன் தாத்தா ரயில் மாதிரி நீளமாக ஒன்றை வைத்தார், நீ பிறந்தபோது எல்லாருக்கும் அலுத்துப்போய் உனக்குச் சின்னதாக ஒன்றை வைத்து முடித்துக்கொண்டோம். ஏழு வயதில் நீ என்னிடம் வந்து, அவனுக்குத் தச்சது போக மிச்சத் துணியில எனக்குத் தச்சீங்களா என்று கேட்டாய். உன் முன்னால் சிரித்துவிட்டேன், சமையலறைக்குள் போய் அழுதேன். இதை இத்தனை வருடம் உன்னிடம் சொன்னதில்லை. அதிலிருந்துதான் பெயர் விஷயத்தில் எனக்கு இந்தக் கெடுபிடி. யாருக்குப் பெயர் பார்த்தாலும் மூன்று குரலில் கூப்பிட்டுப் பார்ப்பேன். சாப்பிடக் கூப்பிடுகிற குரல், திட்டுகிற குரல், கூட்டத்தில் காணாமல் தேடுகிற குரல். முதல் இரண்டுக்கும் ஒத்துவருகிற பெயர்கூடத் தேடும்போது தொண்டையில் மாட்டிக்கொள்ளும். மூன்றிலும் இரண்டு பெயரும் தடுக்காமல் வந்தால்தான் என்னிடம் பாஸ்.

இனிமேல்தான் தண்ணீர் குடிக்க வேண்டிய இடம். பெயரைச் சொன்னபோது நீ என்னிடம் என்ன சத்தியம் வாங்கினாய் என்பது எனக்கு மறக்கவில்லை. எல்லாருக்கும் அப்புறம் சொல்லிக்கலாம், அத்தைக்கு மட்டும் முன்னாடியே தெரியக்கூடாதும்மா, பிரசவ சமயத்துல இன்னொரு தடவை அந்த மௌனத்தை என்னால தாங்க முடியாது என்றாய். மிளகு பிறந்தபோது உன் மாமியார் ஒரு பெயர் சொல்லி, அதை நீங்கள் வைக்காமல் போய், அவர் நாலு மாதம் உன்னிடம் வெயில் மழையைத் தவிர வேறெதுவும் பேசாமல் இருந்ததையும், பச்சை உடம்புக்காரி நீ போனில் அழுததையும் நான் மறப்பேனா. ஆகவே ரகசியத்தைக் கட்டிக்காக்க வேண்டும் என்றுதான் வீட்டில் கூவிப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். போன செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குக் கிளினிக்குக்குப் போனேன், ஒன்பதரைக்கு முன்னால் ஈ காக்கை வராது. கைப்பையை மேசையில் வைத்தேன், தொண்டையைச் செருமினேன், காலி நாற்காலிகளைப் பார்த்து மிளகின் சரியான பெயரையும் பின்னாலேயே நீ சொன்ன பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். சாப்பாட்டுக் குரல் ஆயிற்று, திட்டு ஆயிற்று, தேடுகிற குரலில் இரண்டும் கைகோர்த்துக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடின. என்ன பொருத்தம்டி, எனக்கே புல்லரித்தது. திரும்பினால் வாஷ்பேசின் தடுப்புக்குப் பக்கத்தில் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு சம்பந்தியம்மா நிற்கிறார். முதல் நாளிலிருந்து கடைவாய்ப் பல் வலியாம், பொறுக்க முடியாமல் சீக்கிரமே வந்திருக்கிறார், கூட்டுகிற அம்மா பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே விட்டிருக்கிறாள், வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றிருக்கிறார். தவளை தன் வாயால் கெடும் என்பது என்னை வைத்துத்தான். சின்னதின் பெயரை மட்டும் கூவியிருந்தால் யாரோ நோயாளி என்று சமாளித்திருப்பேன். அவருடைய பேத்தியின் பெயரோடு ஜோடி சேர்த்து மூன்று தடவை கூவினபிறகு முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது.

அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பல்லு வலிக்குது, டாக்டர் எப்ப வருவாங்க என்று மட்டும் கேட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மௌனத்தை நீ சொல்லித்தான் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு ஒரு மணி நேரம் நானே அனுபவித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் அட்டைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். டாக்டர் வந்து பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்க வைத்து, அரை மணி நேரம் வாயே திறக்கக்கூடாது என்று சொல்லிக் கூடத்துக்கு அனுப்பினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சம்பந்தியம்மா பதில் பேச முடியாத அரை மணி நேரம் இந்த ஜென்மத்தில் இனி எனக்குக் கிடைக்குமா. மேசையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ மறைக்கச் சொன்னதைச் சொன்னேன், ஏன் மறைக்கச் சொன்னாய் என்பதைச் சொன்னேன், என் பொண்ணுக்கு உங்க மேல வெறுப்பு இல்ல சம்பந்தி, பயம், நீங்க பேசாம இருந்தா அவளுக்குச் சோறு இறங்காது என்று சொன்னேன். முதலில் முறைத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து மேசைக்குப் போய், கயிற்றில் கட்டியிருக்கிற பேனாவை இழுத்து, தன்னுடைய அட்டையின் முதுகில் எதையோ எழுதி என் பக்கம் தள்ளினார். இனி உங்க வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருக்கும் என்று நினைத்து எடுத்துப் பார்த்தால், இன்னொரு தடவை கூப்பிடுங்க என்று எழுதியிருக்கிறார்.

கூடத்தில் அதற்குள் பத்துப் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். இருந்தால் இருக்கட்டும் என்று எழுந்து நின்று தேடுகிற குரலிலேயே இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். எந்த இரண்டு பிள்ளைகள் ஓடிவரப்போகிறார்கள் என்று ஆளாளுக்கு வாசலைப் பார்த்தார்கள். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மரத்துப்போன கன்னத்தில் கண்ணீர் இறங்கியது அவருக்கே தெரியவில்லை, நான்தான் துடைத்துவிட்டேன். பஞ்சை எடுத்தபிறகு பாதி வாய் இன்னும் வேலை நிறுத்தத்தில் இருக்க மீதிப் பாதியால் சொன்னார். நான் சொன்ன பேரை வைக்கலன்னு கோவம்னு நெனச்சீங்களா, அது எனக்கே அவ்வளவாப் பிடிக்காது சம்பந்தி, நான் ஒரு பேரைச் சொல்லி வச்சா எங்கிட்டயும் கலந்து பேசுவாங்கன்னு பார்த்தேன், கடைசியில யாரோ அனுப்பின போட்டோவுல, போர்வையில தச்சிருந்ததைப் படிச்சுத்தான் பேத்தி பேரைத் தெரிஞ்சுக்கிட்டேன், அதான் மனசு விட்டுப்போச்சு என்றார். எனக்குச் சுருக்கென்றது. நீ செய்தது தப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, அப்போது நீ முதல் பிள்ளைக்காரி, தூக்கமில்லாமல் கிடந்தாய், எந்த வரிசையில் யாருக்குச் சொன்னோம் என்பதெல்லாம் எங்கே நினைவிருக்கும். ஆனால் மகனை அத்தனை தூரத்தில் விட்டுவிட்டு இரண்டு அறையில் தனியாக இருக்கிற மனுஷிக்கு ஒரு போன் வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள், இது அவரே சொன்ன யோசனை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் பண்ணு. பெயரைச் சொல்லாதே, கேள். அத்தை, மிளகு பேருக்குப் பக்கத்துல எந்தப் பேரு நல்லாருக்கும்னு நீங்கதான் சொல்லணும் என்று கேள். அவர் இரண்டு நாள் யோசிக்கிறேன் என்பார், அப்புறம் தானாகக் கண்டுபிடித்தாற்போல் அதே பெயரைச் சொல்வார், நீ வாயைப் பிளந்து ஆச்சரியப்பட வேண்டும். அவருக்கு நடிப்பு சுத்தமாக வராது, உனக்கும் வராது, இரண்டு பேரும் சிரிக்காமல் ஒப்பேற்றுங்கள். மாப்பிள்ளைக்கு வேண்டுமானால் சொல்லிக்கொள். நான் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய், தபாலில் போடுவது அப்பா, ஒட்டுவதற்கு முன்னால் படிக்காமல் விடமாட்டார். ஒரு தடவை பட்டது போதும்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அன்றைக்கு அவர் குடையைக் கிளினிக்கிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார், நேற்று சாயங்காலம் வேலை முடிந்து கொடுக்கப் போனேன். படியில் பாதி ஏறும்போதே உள்ளே பேச்சுச் சத்தம், யாரோ விருந்தாளி போல என்று நின்றேன். விருந்தாளியும் இல்லை ஒருவரும் இல்லை. அடுப்படியில் பாத்திரம் வைக்கிற சத்தத்தோடு, வீங்கின கன்னத்துக் கொழகொழப்போடு, உன் மாமியார் இரண்டு பெயரையும் சேர்த்துச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று கடல் தாண்டி இருக்கிறது, இன்னொன்று இன்னும் பிறக்கவே இல்லை. நான் சத்தமில்லாமல் கீழே இறங்கி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன்.

நீயும் மாப்பிள்ளையும் மிளகும் கடுகும் நூறு வயது நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும், பிரசவம் பூப்போல ஆக வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற பிள்ளைகளாக இரண்டும் வளர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமையை அதைவிட மறக்காதே. மணி அடித்தவுடன் எடுக்கவில்லையே என்று வைத்துவிடாதே, நாலாவது மணிக்குத்தான் எடுப்பாராம், காத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியக்கூடாதாம்.

இப்படிக்கு,
நாக்கை அடக்கத் தெரியாத உன் அம்மா