ராணி முனையில் இருந்து மல்லிகா

என் ஆசை ராணி அக்காவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. நம் நாலு ரோட்டில் கண்டக்டர் இன்றைக்கும் உன் பேரைத்தான் கத்துகிறார். "ராணி முனையெல்லாம் எறங்கு!" எனக்கு எப்படி இருக்கும், சொல்லு?

தொண்ணூறுகளில் நைனா செங்கல்பட்டு நாலு ரோட்டில் டிபன் கடை போடும்வரை அந்த முனைக்குப் பேரே கிடையாது. ஒரு புளியமரம், அதன் கீழே நாலு லாரி, அவ்வளவுதான். போர்டில் 'ராணி டிபன் சென்டர்' என்று எழுதவைத்தார். பஸ்காரர்கள் அதையே முனைக்கும் பேராக்கிவிட்டார்கள்.

"எம் பேரு இன்னாத்துக்குப் போடல நைனா?"

"பெரிய பொண்ணு பேருதான் ராசி. ரெண்டாவது கட போட்டா உம் பேரு வெக்கறேன்" என்றார். கடைசிவரை ஒரே கடைதான்.

நீ கல்யாணமாகி படூர் பிளாட்டுக்குப் போய்விட்டாய். மாவாட்டி, விடிகாலையில் கல்பாக்கம் வேலைக்குப் போகும் பஸ் ஆட்களுக்கு இட்லி கட்டிக் கொடுத்தது நான். புளியமரத்தை வெட்டி, ரோட்டை அகலமாக்கி, சிக்னல் வைத்தபோதும் அங்கேயே நின்றது நான். பஸ் ஆட்கள் என்னைத்தான் ராணி என்று கூப்பிட்டார்கள். முதலில் திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன். பொங்கலுக்கு நீ வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "நம்ம கட" என்பாயே, அப்போதெல்லாம் வயிறு எரியும்.

நீ போனதும் கடையை மூடினேன். மாமா முனையில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார். மறுபடி கடை திறந்த அன்று பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் மாலையோடு இறங்கினார்கள். என்னை அடுப்படியில் பார்த்ததும் டிரைவர் அண்ணன் ஆடிப்போய்விட்டார்.

"இன்னா ராணி, நீ உயிரோட கீறியா! கட வேற மூடிகீது, பேனர்ல உம் பேரு. ஜன்னல் வழியா பாத்துட்டு அல்லாரும் அழுதுகினு போனோம்!"

கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார். "அப்ப இதுல கீறது யாரு?"

உன் பேரைச் சொல்லித்தான் தினமும் இறங்குகிறார்கள். உன் முகம் ஒருவருக்கும் தெரியவில்லை, அக்கா. அழுததெல்லாம் எனக்காக. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

அந்த மாலையை வாங்கி உன் படத்துக்குப் போட்டேன். "எங்க அக்கா" என்றேன். நீயும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயா? படூரில் உன்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா?

போர்டை மாற்றமாட்டேன். வயிற்றெரிச்சலையும் விடமாட்டேன், அது என்னோடு வந்தது. ஆனால் இனி யாராவது ராணி என்று கூப்பிட்டால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீ யார் என்று சொல்லிவிட்டுத்தான் இட்லி போடுவேன்.

இப்படிக்கு,
ராணியின் தங்கச்சி,
மல்லிகா