ஒரு முழங்கால் நீங்கலாக

ஜூலை 3, வியாழன்

விடியும்போதே மழை. எதிர் லயத்து வீட்டு வரிசை தெரியாத அளவுக்கு மூடுபனி. கொளுந்து எடுக்கப் போகிறவர்களின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஒருத்தி, "அட்டைக்கு உப்பு எடுத்தியாட்டி?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.  போன மழைக்கு என்னை அட்டை கடித்த இடத்தைச் சொறிந்ததில் தொடங்கியதுதான் எல்லாம். சர்க்கரை உடம்பு. புண் ஆறவே இல்லை, புரையோடிவிட்டது. ஈஸ்டர் முடிந்த வாரம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பத்து மணிக்கு, வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்க்கிற பாலியேட்டிவ் ஜீப். பிசியோ பெண் ஷைனி, மலையாளத்துக்காரி, நன்றாகவே தமிழ் பேசுவாள். போர்வையை விலக்கியதும் முகம் மாறியது.

"சேச்சி, இது யாரு வெச்சது?"

முழங்காலுக்கு அடியில் இருந்த தலையணை. இலவம்பஞ்சு, மேலே சிவப்பு நூலில் சிலுவை. சபை மாதர் சங்கத்தில் தைத்தது. வைத்தது கிரேஸ் மதினி, என் வீட்டுக்காரருடைய அக்கா, பக்கத்து வீடு. அதற்குப் பிறகு ஜெபிக்க வந்த ஒவ்வொருத்தியும் அதைத் தட்டிக்கொடுத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது.

ஷைனி அதை உருவிவிட்டு நீட்டச் சொன்னாள். நீட்டினேன். நீளவில்லை. கட்டிலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் அவள் உள்ளங்கை தாராளமாக நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.

"மடங்கியே இருந்து இறுகிப்போச்சு. முட்டு நிவரணும் சேச்சி. இல்லேன்னா கால் வெக்க முடியாது."

நிமிரணும் என்பதைத்தான் நிவரணும் என்கிறாள். இருபத்துநாலாம் தேதி ஆஸ்பத்திரிக்குச் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க ஆள் வருகிறார். அதற்குள் அவள் கை உள்ளே போகாத அளவுக்கு முழங்கால் படிய வேண்டும். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று அவளுக்கே தெரியாதாம். கால் இல்லாவிட்டால் மலைச்சரிவில் கொளுந்து எடுக்க முடியாது. கோயில் படியும் ஏற முடியாது. கட்டிலும் நானும்தான்.

அவள் சொன்னது: தலையணை கூடவே கூடாது. உட்கார்ந்தால் காலுக்கடியில் பலகை. முழங்கால் மேல் பாரம். காலையும் மாலையும் குப்புறப் படுக்கை.

அன்பு வைத்தே ஆளை முடக்கிவிடுவார்கள் போல.

ஜூலை 5, சனி

மழை. பாரத்துக்கு உப்புப் பாக்கெட் இரண்டு. இவர் ஃபேக்டரி விட்டு வரும்போது வாங்கி வந்து மஞ்சள்பையில் போட்டு வைத்தார். அட்டைக்கு அள்ளிப் பூச வேண்டிய உப்பு, இப்போது போய் முழங்கால் மேல்.

வலி. பல்லைக் கடித்ததில் தாடை வலி தனி.

இல்லாத கால் அரிக்கிறது. சரியாக அட்டை கடித்த இடம். கை போகிறது, போர்வைதான் அகப்படுகிறது. இதை யாரிடம் சொல்ல.

மதினி ரசம் கொண்டுவந்தாள். அலமாரி மேல் தலையணையைப் பார்த்துவிட்டாள்.

"ஏன், எங்க தலையணை குத்துதோ?"

"குத்தல மதினி. முடக்குது."

தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். ரசத்தையும்.

ஜூலை 6, ஞாயிறு

கோயில் மணி கேட்டது. ஆராதனை முடிந்து அத்தனை பேரும் வீட்டு ஜெபத்துக்கு இங்கே வந்துவிட்டார்கள். கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார், மதினி, மாதர் சங்கம். வாசல் முழுக்க நனைந்த குடை. இவர் பால் இல்லாமல் கட்டன் சாயா போட்டார், ரஸ்க் வைத்தார்.

எல்லாரும் சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டார்கள். நான் கட்டிலில், உப்பு என் மேல்.

உபதேசியாருக்கு ஜெபம் சூடு பிடித்தால் ஒரு வார்த்தை வந்துவிடும். "எல்லா முழங்காலும் உமக்கு முன்பாக முடங்கட்டும் ஆண்டவரே." ஞாயிறு பள்ளி நாளிலிருந்து கேட்கிறேன். வேத பாஷையில் முடங்குவது என்றால் மடங்கிப் பணிவது. லயத்தில் ஒருத்தன் முடங்கிவிட்டான் என்றால் படுக்கையில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். இன்றைக்கு அவர் அதை இரண்டாம் தரம் சொன்னார், என் காலுக்கு நேரே கையை நீட்டி. "முடங்கட்டும்."

"முடங்க வேண்டாம் ஐயா. நிமிரட்டும்னு சொல்லுங்க."

நான்தான். ஜெபத்துக்கு நடுவில். எல்லாக் கண்ணும் திறந்துகொண்டது.

"அது வேத வார்த்தைம்மா" என்றார்.

"எனக்குத் தெரியும் ஐயா. என் முட்டுக்குத் தெரியாதே."

யாரோ ஒருத்தி சிரித்தாள். மதினி முறைத்தாள். ஜெபம் பாதியில் ஆமென் ஆனது. ரஸ்க் அப்படியே மீந்தது.

எல்லாரும் போன பிறகு இவர், "நீ வேதத்தைத் திருத்துதியா?" என்றார். அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

இவர் பேசவில்லை. கஞ்சி வைக்கிறார், உப்புப் பையை வைக்கிறார், எடுக்கிறார். பேச்சு மட்டும் இல்லை.

ஷைனி வந்தாள். அதே இடைவெளி.

பயமாக இருக்கிறது. ஆண்டவருக்குக் குறுக்கே பேசிவிட்டேனா? காலை எடுத்த அன்றுகூட இப்படி இல்லை. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் பெயரைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது வாயே வரவில்லை. எனக்கு முழங்கால் போட்டால்தான் ஜெபம் வரும். உட்கார்ந்து சொன்னால் யாருக்கோ போனில் பேசுகிற மாதிரி இருக்கிறது. முழங்கால் போடவும் கூடாது, போடாமல் வரவும் வராது. என்னத்தைச் செய்ய.

கோபமும் இருக்கிறது. ஆண்டவர் மேல்தான். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

கொஞ்சம் வெளிச்சம். மதியம் தரையில் பாய் போட்டுக் குப்புறப் படுத்தேன். தொடை நரம்பைப் பிடித்து யாரோ இழுக்கிற மாதிரி வலி. மூக்கு பாயில் அழுந்தி, கோரை வாசனை.

அப்போதுதான் தோன்றியது. வேதத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் முகங்குப்புற விழுந்தார்கள் என்றுதானே வாசிப்பார்கள். எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். ஷைனி என்னைப் போட்டு வைத்திருப்பதும் அதே கிடைதான். இத்தனை நாளாக ஜெபிக்கிற கிடையில் கிடந்துகொண்டே ஜெபிக்க வழியில்லை என்று அழுதிருக்கிறேன். மடச்சி.

சிரித்தேன். பிறகு ஜெபித்தேன். நீளமாக ஒன்றும் இல்லை. நிமிர்த்தும் ஆண்டவரே, கோபத்தை மன்னியும், அவ்வளவுதான். வலி குறையவில்லை. ஆனாலும் வழக்கத்தைவிட அதிக நேரம் கிடக்க முடிந்தது. கூட யாரோ இருந்த மாதிரி இருந்தது.

இவர் ஷிப்ட் முடிந்து வந்தவர், நான் விழுந்துவிட்டேன் என்று ஓடி வந்தார்.

"என்னாச்சுட்டி?"

"ஜெபம்."

நின்று பார்த்தார். சட்டையெல்லாம் தேயிலைத் தூள். கைகூடக் கழுவாமல் பக்கத்தில் வெறுந்தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

"மூக்கு நசுங்குதே" என்றார்.

"ஆபிரகாமுக்கும் நசுங்கியிருக்கும்" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஷைனி கை இன்று இறுக்கிக்கொண்டுதான் நுழைந்தது. "குறைஞ்சிருக்கு." ஆனால் போதாது. இரண்டு கையாலும் அழுத்தினாள். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். அர்த்தம் தெரியாத மாதிரி இருந்தாள். தெரியும்.

சுகர் கூடியிருக்கிறதாம். டின்னில் இருந்த ரஸ்க்கைத் தின்றது நான்தான். சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இவர் கோயிலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். உபதேசியார் ஜெபத்தில் சூடு ஏறி, "எல்லா முழங்காலும் உமக்கு முன்பாக முடங்கட்டும்" என்றாராம். நின்றாராம். இருமினாராம். பிறகு சொன்னாராம்: "ஒண்ணத் தவிர."

கோயில் முழுக்க ஆமென். மதினி குரல்தான் ஓங்கி இருந்ததாம்.

சாயங்காலம் மதினியே வந்தாள். மஞ்சள்பையிலிருந்த உப்பை எடுத்து, கொண்டுவந்த துணிப்பைக்குள் வைத்தாள். அந்தத் தலையணை உறையைப் பிரித்துத் தைத்த பை. சிலுவை மேலே தெரிகிற மாதிரி முழங்காலில் வைத்தாள். தூக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். ரசம் இருந்தது.

ஜூலை 23, புதன்

நாளைக்கு. சீட்டு, ஆதார், மாத்திரை, குடை, துண்டு. ஆட்டோ ஏழு மணிக்கு.

இவர் கையை விட்டுப் பார்த்தார். விரல் நுனி போகிறது.

"போகுதா?"

"லேசாப் போகுது."

பொய் சொல்லியிருக்கலாம். "நாளைக்கும் போனா?" என்றேன்.

"போனா திரும்பி வருவோம். குப்புறக் கெடப்போம்."

கெடப்போம் என்றார்.

ஜூலை 24, வியாழன்

நல்ல மழை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். எனக்கு முன்னால் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முழங்கால் படியவில்லையாம்.

அளவெடுக்கிறவர் வயசான மலையாளி.  காலை நீட்டச் சொல்லி உள்ளங்கையை விட்டார். நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஜெபம்கூட இல்லை, அழுத்து அழுத்து என்பது மட்டும்தான். கை நுழையவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். நுழையவில்லை.

"மதி" என்றார். போதும்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாவுக்கட்டுத் துணியை நனைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இனி இத்திரி மடக்கிக்கே."

நான் மடக்கவில்லை. எனக்கு மலையாளம் புரியவில்லை என்று நினைத்துத் தமிழில் சொன்னார். "கொஞ்சூண்டு மடக்கணும் சேச்சி. அப்பத்தான் அச்சு சரியா வரும்." புரிகிறது. முழங்கால்தான் கேட்கவில்லை. மடக்கினால் பழையபடி இறுகிவிடுமோ என்று விறைத்துக்கொண்டு கிடந்தது. துணி காய்கிறது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இவர் குனிந்து என் காதில் சொன்னார்.

"முடங்கட்டும், எஸ்தரு."

மடக்கினேன்.