நாற்காலி இல்லாத வகுப்புகள்

பூந்தமல்லி,
ஞாயிற்றுக்கிழமை.

பத்மாவுக்கு,

நீ பிரின்சிபால் ஆன செய்தி கேட்டு நான் துள்ளிக் குதித்தது நிஜம். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்து, பி.எட். படிக்கும்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்று பெருமையடித்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புதன்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பிலும் கேமரா வைத்து, டீச்சர்கள் உட்காரும் நாற்காலியையும் எடுத்துவிட்டார்களாமே, டிசிப்ளின் பிரமாதமாக இருக்கிறதாமே, உங்கள் தாளாளர் அதேபோல் செய்யச் சொல்கிறார், எப்படிச் செய்தார்கள் என்று விசாரித்துச் சொல் என்று கேட்டிருந்தாய். கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை. கிருஷ்ணகிரி வரைக்கும் எங்கள் புகழ் வந்துவிட்டது போலிருக்கிறது. போன் செய்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எப்படிச் செய்தார்கள் என்றுதானே கேட்டாய்? முழுசாகப் படி.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஒரு வகுப்பிலும் நாற்காலி இல்லை. மேலே கேமரா இருந்தது. எங்கள் பிரின்சிபால் ராகவன் சார் மீட்டிங்கில், டீச்சர் உட்கார்ந்தால் வகுப்பு தூங்கிவிடும், பேரன்ட்ஸ் கேள்வி கேட்பார்கள் என்றார். சொல்லும்போது எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. வருஷக்கணக்கில் பிசிக்ஸ் எடுத்தவர். நின்று நின்று கால் நரம்பு சுருண்டு போனது அவருக்கே தெரியும்.

நாகவல்லியைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். மைனஸ் எண்களை அபார்ட்மென்ட் லிஃப்டை வைத்து அவள் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுவிட்டு, லிஃப்டே இல்லாத வீட்டுப் பிள்ளைகள்கூட பேஸ்மென்ட்டுக்கு இறங்கி ஏறி விளையாடினார்கள். அவள் மாசமாக இருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் ராகவன் சாரிடம் போய் ஒரு ஸ்டூலாவது கேட்டாள். உனக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் அம்மா, தாளாளர் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒருநாள் ஜன்னல் கட்டையில் சாய்ந்தாள். உடனே தாளாளரிடமிருந்து ஆபீஸுக்குப் போன் வந்தது. சாயக்கூடாதாம் என்று பிள்ளைகள் முன்னாலேயே ஆயாவிடம் சொல்லி அனுப்பினார்கள் பத்மா.

செப்டம்பரில், சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் விழுந்தாள். நான் பக்கத்து வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் அலறிய சத்தம் கேட்டு ஓடினேன். மேஜை முனை நெற்றியைக் கிழித்து, புடவையெல்லாம் ரத்தம். ராகவன் சார் வந்தார். அவர் முதலில் நிமிர்ந்து பார்த்தது கேமராவை. அதற்குப் பிறகுதான் கீழே கிடந்தவளைப் பார்த்தார். நானும் ஆயாவும் அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு குமணன்சாவடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அசையுதா, அசையலையா, தெரியலையே விஜி" என்று அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை, நாகவல்லியின் வகுப்பில் படிக்கும் காவ்யா என்றொரு பெண்ணின் அப்பா வேம்புலி வந்தார். வானகரம் மீன் மார்க்கெட்டில் வேலை. ஈரக் காலோடு அப்படியே வந்துவிட்டார். "இன்னா சார், புள்ளத்தாச்சிய நிக்க வெச்சே பாடம் எடுக்க சொல்றீங்களாமே? எம் பொண்ணு நைட்டு பூரா தூங்கல சார், டீச்சர் செத்துடுமான்னு கேட்டுகினே கீது" என்றார். ராகவன் சார், நாகவல்லி மேடம் மதியம் சாப்பிடவில்லை, அதுதான் மயக்கம் என்றார்.

வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்த நான் அதைக் கேட்டேன். "பொய் சொல்லாதீங்க சார். நாங்க ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்" என்றேன். பேரன்ட்ஸ் கேட்பார்கள் என்றீர்களே, இதோ ஒருவர் வந்து கேட்கிறார், பதில் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். ராகவன் சாருக்கு எதிரே கிடந்த விசிட்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் என் வகுப்பில் போட்டு, கேமராவைப் பார்த்து உட்கார்ந்து பாடம் எடுத்தேன். மதியத்துக்குள் லேபிலிருந்தும் லைப்ரரியிலிருந்தும் மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்து வந்துவிட்டார்கள்.

ராகவன் சார் வகுப்பு வாசலுக்கு வந்து கெஞ்சினார். தாளாளரிடம் நீங்கள் பேசுங்கள், அதற்குத்தானே பிரின்சிபால் என்றேன். "நான் பேசினா நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன் மேடம்" என்றார். பரிதாபமாகத்தான் இருந்தது. அந்தப் பரிதாபத்தால் என் கோபம் இன்னும் ஏறியது. அவர் பயத்தை அவர் சுமக்காமல், ஒரு கர்ப்பிணியின் காலில் ஏற்றி வைத்திருக்கிறார்.

அந்த வாரமே வேம்புலி இன்னும் பல பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றார். அடுத்த திங்கள் நாற்காலிகள் திரும்பி வந்தன, நிர்வாகத்தின் கருணைக்கு நன்றி சொல்லும் ஒரு சர்க்குலரோடு. நாகவல்லிக்கு நெற்றியில் தழும்பு. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் இனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். ஏழாம் வகுப்புக்கு இன்று வரை கணக்கு டீச்சர் இல்லை. பி.டி. சார் வந்து வாயைப் பொத்தி உட்கார வைக்கிறார். நீ கேட்ட டிசிப்ளின் அங்கே பிரமாதமாக இருக்கிறது.

ராகவன் சாருக்கு முன்னால் பிரின்சிபாலாக இருந்த ஞானம்மாள் மேடம் சத்தமே போட மாட்டார். சண்டைக்கு வரும் பெற்றோரைத் தன் அறையிலேயே உட்கார வைத்து, என்னிடம் சொல்லுங்கள், என் டீச்சரை நான் கேட்டுக்கொள்கிறேன் என்பார். அப்புறம் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு நறுக்கென்று கேட்பார். எனக்கு டெங்கு வந்தபோது என் எட்டாம் வகுப்பை அவரே எடுத்தார். மேலிருந்து வரும் அடி எங்கள் மேல் படாமல் நடுவில் நின்றார். அவர் காலத்தில் பிள்ளைகள் நிறையப் பேசினார்கள், நிறையப் படித்தார்கள்.

அரையாண்டுத் தேர்வோடு என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். உன்னிடம் வேலை கேட்டு இதை எழுதவில்லை. நீ கூப்பிட்டாலும், உன் தாளாளருக்கு என்ன பதில் சொன்னாய் என்று தெரியாமல் நான் வர மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் பத்மா, அதில் எனக்குக் குறையே இல்லை. காலையில் உன் பள்ளிக்கு வருகிற ஒவ்வொருத்தியும் சாயங்காலம் வந்தபடியே வீடு திரும்ப வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்.

கோபம் தீராத உன் தோழி,
விஜி